வீரம்மாவுக்குக் கார் ஒத்துவராது

கார் வாங்கப் போகிறவன் வீட்டில் இருக்கிற எல்லாரையும் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. தனியாகப் போனால் ஏமாந்து வருவான், அவ்வளவுதான். குடும்பத்தோடு போனால் என்னவெல்லாம் நடக்கும் என்பது கிறகோரிக்குத் தெரியும். ஆனால் கேட்டால் சொல்லமாட்டான்.

ஆடிச் சோழகக் காற்று புழுதியை வாரிக் கண்ணில் அடித்துக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை அது. முல்லைத்தீவுக் கரையிலிருந்து முதல் பஸ்சைப் பிடித்து வந்து, வவுனியாவில் இறங்கி, இன்னொரு பஸ் மாறி, நெளுக்குளத்தில் கார் விற்கிற ஓரிடத்தின் தகரக் கூரைக்குக் கீழே ஆறு பேரும் நின்றார்கள். கிறகோரி, மனைவி ஜெயரூபினி, மூத்தவன் சுமன், நடுவிலாள் கிருசாந்தி, கடைக்குட்டி அனோஜா, பிறகு வீரம்மா. வீரம்மாவின் கையில் ஒரு கூடை. அதற்குள் புட்டும் சூடைமீன் பொரியலும் கட்டிய பொதிகள், தண்ணீர்ப் போத்தல், அனோஜாவுக்கு ஒரு மாற்றுச் சட்டை.

கடற்றொழில்காரனுக்கு எதற்கு ஐயா கார் என்று கேட்கிறவர்கள் மாசி மாதம் நடந்ததைத் தெரியாதவர்கள். கிறகோரியிடம் ஒரு ஓட்டோ இருந்தது. மீன்பெட்டியும் அதில்தான், பிள்ளைகளும் அதில்தான். முள்ளியவளைப் பக்கம் ஒரு மாடு குறுக்கே பாய, அவன் ஹாண்டிலை வெட்டித் திருப்ப, ஓட்டோ குடைசாய்ந்தது. அனோஜாவை மடியில் வைத்திருந்தவள் வீரம்மா. வெளியே தூக்கி எறிபட்டபோதும் அவள் பிள்ளையை விடவில்லை. இரண்டு கையாலும் பிள்ளையைப் பொத்திக்கொண்டு இடது தோளால் போய்த் தாரில் விழுந்தாள். அனோஜாவுக்கு முழங்காலில் ஒரு சிராய்ப்பு. வீரம்மாவுக்குக் காறை எலும்பு முறிந்துபோயிற்று. பிறகு பொருந்தியதுதான், ஆனால் கோணலாக. கழுத்துக்குக் கீழே புளியங்கொட்டை போல ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும். மாதத்துக்கு ஒருதரம் வவுனியா ஆஸ்பத்திரியில் கிளினிக்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்றே ஜெயரூபினி சொல்லிவிட்டாள்: "பஸ்சைத் தவிர, சீற் பெல்ற் இல்லாத ஒண்டிலயும் இனி என்ர பிள்ளையள் ஏறாதுகள். சொல்லிப்போட்டன்."

இரண்டு பருவம் சூடை நல்லாய்ப் பட்டிருந்தது. பிரான்சில் இருக்கிற ஜெயரூபினியின் தம்பி ஸ்ரனிஸ்லஸ் கொஞ்சம் அனுப்பினான். மிச்சத்துக்கு லீசிங். பெரிய கார் வாங்கக் காணாது, ஆனால் கண்ட கறள் பிடித்த தகரத்தையும் வாங்கத் தேவையில்லை. அந்த அளவில் ஒரு காசு.

கார் விற்கிறவன் பெயர் குகதாசன். வாய் நிறையச் சிரிப்பு. ஆறு பேரையும் ஒரு பார்வை பார்த்தான்.

"ஆறு பேர் நிக்கிறியள். உங்களுக்கு வான்தான் அண்ணை சரி. இஞ்ச வாங்கோ."

வெள்ளை வான். எட்டுப் பேர் தாராளமாக இருக்கலாம். ஐஸ்பெட்டியும் வைக்கலாம். கிறகோரி அதைச் சுற்றி வந்து ரயரை உதைத்துப் பார்த்தான். ஆம்பிளைகள் எல்லாரும் ஏன் ரயரை உதைக்கிறார்களோ தெரியாது. ஜெயரூபினி போனை எடுத்து ஸ்ரனிஸ்லசுக்கு வீடியோக் கோல் போட்டாள். அவனுக்கு அங்கே விடியற்காலை. கண்ணைக் கசக்கிக்கொண்டே கதைத்தான்.

"அக்கா, பின் சீற்றில பெல்ற் இருக்கோ பார்."

பார்த்தாள். முன்னால் இரண்டு. பின்னால் ஒன்றும் இல்லை.

"எயார்பேக்?"

"அது வானுக்குத் தேவையில்லையக்கா," என்று குகதாசன் போனுக்குள் எட்டிப் பார்த்துச் சொன்னான். "வான் உயரமல்லோ."

"உயரம் எண்டால் இன்னும் லேசாப் பிரளும்," என்றான் ஸ்ரனிஸ்லஸ். "அதை விடு அக்கா. அடுத்ததைக் காட்டச் சொல்லு."

அடுத்தது வெள்ளி நிறத்தில் ஒரு சின்ன ஜப்பான் கார். கிறகோரி உள்ளே வரும்போதே அதைக் கண்டுவிட்டான். வானைச் சுற்றி வந்தபோதும் அவனுடைய கண் அதில்தான். கழுவித் துடைத்து, வெயிலில் பளீரென்று, புதிதாய்க் கரையேறிய பாரைமீன் மாதிரி நின்றது.

ஸ்ரனிஸ்லஸ் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல ஜெயரூபினி பார்த்தாள். சாவியைத் திருப்பினால் எயார்பேக் லைற் எரிய வேண்டும், கொஞ்சத்தில் அணைய வேண்டும். எரிந்தது, அணைந்தது. "அது எரியாமலே இருந்தால் உள்ளுக்கு ஒண்டும் இல்லை, வெறும் மூடிதான் போட்டிருப்பாங்கள்," என்றான் அவன். பெல்ற்றைச் சுண்டி இழுத்தால் பிடிக்க வேண்டும். கிருசாந்தி ஒவ்வொரு பெல்ற்றாக இழுத்துப் பார்த்து, "பிடிக்குது அம்மா," என்று சொல்லிக்கொண்டு வந்தாள். சடுதியாகப் பிறேக் அடித்தாலும் சில்லு இறுகி இழுபடாதாம். பின்னுக்கு எடுக்கிறபோது பார்க்கக் கமெரா. சுமன் கீழே குனிந்து அடிச்சட்டத்தில் ஒட்டுவேலை ஏதும் நடந்திருக்கிறதா என்று பார்த்தான். துப்புரவாக இருந்தது.

கிறகோரி றைவர் சீற்றில் ஏறி இருந்தான். சுக்கானைப் பிடித்தான். நாலு நாளாய் வலை இழுத்துக் காய்ந்த கைக்கு அது வழுவழுவென்றிருந்தது. உங்களுக்குச் சிரிப்பு வரும், ஆனால் நாற்பத்தைந்து வயது மனிசன் சின்னப்பிள்ளை மாதிரி அதை இடமும் வலமும் திருப்பிப் பார்த்தான். அவனுடைய அப்பர் சாகும்வரைக்கும் சைக்கிள்தான் ஓடினவர்.

குகதாசன் கண்ணாடியருகே குனிந்தான்.

"நல்ல சாமான் அண்ணை, நான் பொய் சொல்லேல்ல. ஆனா இது அஞ்சு பேருக்குத்தான். பெல்ற்றும் அஞ்சுதான். நீங்கள் ஆறு பேரல்லோ? ஏழு பேருக்கும் பெல்ற் உள்ளது ஒண்டு இருக்குது. விலை கொஞ்சம் கூட. இன்னொரு பருவம் பொறுத்தியளெண்டால் நானே தேடித் தாறன்."

இன்னொரு பருவம். அவ்வளவுதான். கிறகோரி சுக்கானில் இருந்து கையை எடுக்கவில்லை.

"நாங்கள் அஞ்சு பேர்தான்," என்றான்.

குகதாசன் கூரைக்குக் கீழே நின்ற வீரம்மாவைப் பார்த்தான். மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி, தலையில் முந்தானை, கையில் கூடை. "அப்ப அவா?"

"அவா வீட்டில நிக்கிறவா."

"ஓ, வேலைக்கு நிக்கிறவாவோ?"

கிறகோரி ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பின் சீற்றில் ஏறி இருந்த அனோஜாதான் இடம் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"அப்பா, பெரியம்மா எங்க இருக்கிறது?"

"பெரியம்மா வரமாட்டா அம்மா. அவாக்குக் கார் ஒத்துவராது. வாந்தி வரும்."

எங்கிருந்து வந்ததோ அந்தப் பொய்! யோசித்துச் சொல்லவில்லை. வாய்க்குள் காத்துக்கொண்டு இருந்ததுபோல வந்து விழுந்தது. சொன்ன பிறகுதான் கண்ணாடியில் பார்த்தான். வீரம்மா இப்போது கூரைக்குக் கீழே இல்லை, கார்க் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றாள், பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்க வந்தவள். போத்தல் மூடியைத் திறந்தது திறந்தபடி. பிறகு மூடியை மெல்லத் திருகி மூடிக்கொண்டு, றோட்டில் போகிற மாடுகளைப் பார்க்கத் தொடங்கினாள். ஜெயரூபினிக்கும் அது காதில் விழுந்தது. அவள் போனைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கேட்கிறவர்களுக்கு வீரம்மா யாரென்று தெரிய வேண்டும். மலையகத் தோட்டத்தில் பிறந்தவள். எழுபத்தேழுக் கலவரத்தில் தாய் தகப்பனோடு வன்னிக்கு வந்து, தருமபுரத்தில் காடு வெட்டித் தோட்டம் செய்து, கலியாணம் கட்டி, கடைசிச் சண்டையில் புருசனையும் மகனையும் ஒரே பங்கரில் பறிகொடுத்தவள். செட்டிகுளம் முகாமுக்குள் பஸ்சில் கொண்டுவந்து இறக்கினபோது கிறகோரிக்கும் ஜெயரூபினிக்கும் பக்கத்தில் இருந்தாள். ஜெயரூபினி அப்போது சுமனைச் சுமந்துகொண்டிருந்தாள். பதிகிறவன் கேட்டான், எத்தனை பேர் என்று. கிறகோரி, "மூண்டு பேர். இவா என்ர அக்கா," என்றான். வீரம்மா வாய் திறந்ததும் அவளுடைய மலையகப் பேச்சைக் கேட்டுப் பதிகிறவன் நிமிர்ந்து பார்த்தான். "அக்காவோ?" கிறகோரி இரண்டாம் தரமும் சொன்னான், "அக்காதான்." அன்றைக்கு அவனிடம் உடுத்திருந்த சாரத்தைத் தவிர ஒன்றும் இல்லை. அன்றைக்குச் சொல்ல வாய் இருந்தது.

தண்ணீர் வண்டிக்கு வரிசையில் நின்றவள் அவள். சுமன் பிறந்தபோது கையில் வாங்கினவள் அவள். கரைக்குத் திரும்பி வந்த பிறகு வேறெங்கும் போகவும் இல்லை, போ என்று யாரும் சொல்லவும் இல்லை. கருவாடு போட்டாள், ஆடு வளர்த்தாள், மூன்று பிள்ளைகளையும் தூக்கித் திரிந்தாள். பதினாறு வருசம்!

அட்வான்ஸ் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்த பஸ்சில் ஜெயரூபினியும் பெண்பிள்ளைகளும் வீரம்மாவும் நாலு பேராய் நெருக்கிக்கொண்டு ஒரு சீற்றில். அனோஜா வீரம்மாவின் மடியில் நித்திரையாகிவிட்டாள். வீரம்மா பொதிகளைப் பிரித்து எல்லாருக்கும் நீட்டினாள். கிறகோரிக்கும் நீட்டினாள். "சாப்புடு தம்பி. வெயில்ல நின்ன." வழமையான குரல்தான். அவன் வாங்கிக்கொண்டான். பாதியைச் சுமனிடம் கொடுத்தான்.

அடுத்த நாள் கரையில், கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவனுக்குப் பக்கத்தில் ஜெயரூபினி வந்து குந்தினாள். வெயில் மண்ணைச் சுட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அவளும் ஒரு ஊசியை எடுத்துக்கொண்டு சும்மா பொத்தினாள்.

"ஏனப்பா அப்பிடிச் சொன்னனியள்?"

"எப்பிடி?"

"எனக்கு முன்னால நடியாதையுங்கோ. வாந்தியாம் வாந்தி! கடல் மூசி எழும்பேக்க போட்டில ஏறி வந்த மனிசி. உழவு மெசினின்ர பெட்டியில நிண்டு மாங்குளத்துக்குப் போன மனிசி. ஒருநாள் ஓங்காளிச்சவாவோ?"

"அப்ப நீ ஏன் வாயைத் திறக்கேல்ல? பக்கத்தில தானே நிண்டனி."

ஜெயரூபினி ஊசியை வலைக்கண்ணில் குத்தி வைத்தாள்.

"எனக்கும் அந்தக் கார்தான் பிடிச்சது," என்றாள் பிறகு. "அது எல்லாம் சரியா இருந்தது. நான் பிள்ளையளைத்தான் பார்த்தனான். அக்காவை நான் யோசிக்கேல்ல எண்டு சொன்னால் அதுவும் பொய். யோசிச்சனான். யோசிச்சுப்போட்டுத்தான் பேசாமல் நிண்டனான்."

"இன்னொரு பருவம் பொறுத்திருப்பமே? அட்வான்சைத் திருப்பிக் கேட்டால்..."

"நீங்கள் கேப்பியளோ?"

கேட்கமாட்டான். அது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். காற்று வலையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பொத்தினார்கள்.

இரண்டு கிழமை கழித்துக் கார் வந்தது. ஒழுங்கை முழுக்கச் சனம். பங்குப் பாதர் வந்தார், தீர்த்தம் கொண்டுவந்தார். அந்தப் பக்கத்தில் படகு இறக்கினாலும் வாகனம் வாங்கினாலும் வீட்டில் உள்ள எல்லாரும் அதில் கை வைக்க, பாதர் செபம் சொல்வார். கிறகோரி பொனெற்றில் கை வைத்தான். ஜெயரூபினி, பிள்ளைகள் எல்லாரும் கை வைத்தார்கள். வீரம்மா சைவம்தான், ஆனால் படகு இறக்கினபோதெல்லாம் முதலாவதாய்க் கை வைத்தவள் அவள்தான். இன்றைக்கு வேலிப் பூவரசுக்குக் கீழே ஆட்டுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வீரம்மா, வாங்கோவன்," என்றார் பாதர். "நீங்கள் இல்லாமலோ?"

"இருக்கட்டும் சாமி. குட்டி ஓடிரும்."

தீர்த்தம் தெளித்து முடிந்தது. ஊரைச் சுற்றி முதல் ஓட்டம். ஐந்து பேரும் ஏறினார்கள், ஐந்து பெல்ற்றும் கிளிக் கிளிக்கென்று பூட்டியது. பக்கத்து வளவுச் செபமாலை அண்ணர் சும்மா இருப்பவரா? ஊரில் ஒரு பூச்சி பறந்தாலும் ஏன் பறக்கிறாய் என்று கேட்கிற மனிசன்.

"இஞ்ச! வீரம்மாவை விட்டிட்டு எங்க போறியள்? டேய் கிறகோரி, மனிசி ஏறேல்லையடா!"

ஒழுங்கை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கிறகோரி சாவியில் கை வைத்தான். இப்போது சொல்லலாம். இறங்கிப்போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வரலாம், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு சுற்றுத்தானே. ஆனால் மடியில் பிள்ளை வைக்கக் கூடாது என்றுதானே இந்தக் காரே. சாவியில் வைத்த கை அசையவில்லை.

வீரம்மா சிரித்தாள். "எனக்குக் காரு ஒத்துக்காதுங்கண்ணே. ஏறுனா வாந்தி வந்துரும். தம்பிக்குத் தெரியும்."

தம்பிக்குத் தெரியும்! அந்த இடத்தில் கிறகோரியை மண்ணுக்குள் தோண்டிப் புதைத்திருந்தால் நன்றி சொல்லியிருப்பான். அவன் சொன்ன பொய்யை எடுத்து, மடித்து, தன் இடுப்பில் செருகிக்கொண்டாள் மனிசி. ஜெயரூபினி பெல்ற்றின் பூட்டைப் பார்ப்பதுபோலத் தலையைக் குனிந்தாள். கார் புறப்பட்டது. சனம் கைதட்டியது.

அதோடு விட்டதா ஊர்? வீரம்மாவுக்குக் கார் ஒத்துவராது என்ற செய்தி கரை முழுக்கப் பரவியது. நல்ல சனம், அதுதான் பிரச்சினை. ஒருத்தி இஞ்சி வாட்டிக் கொண்டுவந்தாள். இன்னொருத்தி புளிக்கப் புளிக்கத் தேசிக்காயை வெட்டி உப்பு வைத்து நக்கச் சொன்னாள். சீற்றில் பேப்பர் விரித்து அதில் இருந்தால் வாந்தி வராது என்றார் ஒருவர். செபமாலை அண்ணர் நாளுக்கொரு வைத்தியத்தோடு படலையைத் திறப்பார்.

"வீரம்மா, முன் சீற்றில இருந்து பார். பின் சீற்றில இருந்தால் ஆருக்கும் பிரட்டும். டேய் கிறகோரி, மனிசியை முன்னுக்கு இருத்திக் கொண்டுபோய்ப் பாரன்ரா ஒருநாள்!"

"ஓம் அண்ணை, பாப்பம்," என்பான் கிறகோரி.

வீரம்மா எல்லாருடைய இஞ்சியையும் தேசிக்காயையும் வாங்கிக்கொண்டாள். "ரொம்ப நன்றிங்க, போட்டுப் பாக்கிறேன்," என்றாள். அடுப்படியில் இஞ்சி குவிந்தது. கொஞ்ச நாளாக அந்த வீட்டில் எல்லாக் கறியும் இஞ்சி மணத்தது. ஒவ்வொரு கவளத்தையும் கிறகோரி தலை நிமிராமல் விழுங்கினான். அவள் ஒரு சொல் குத்திக் கதைத்திருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சண்டை பிடித்திருந்தால் காலில் விழுந்திருப்பான். அவள் வழமைபோல மீன் வெட்டினாள், ஆட்டுக்குக் குழை ஒடித்தாள், பிள்ளைகளுக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டாள்.

ஆவணித் திருவிழாவுக்கு மடு மாதா கோயிலுக்குப் போனபோதும் ஐந்து பேர்தான். வீரம்மா பொதிகளைக் கட்டி வைத்தாள். ஏ-ஒன்பது றோட்டில் ஏறிக் கொஞ்சத் தூரம் போனதும் அனோஜா முகம் வெளிறி, "அம்மா, பிரட்டுது," என்றாள். ஜெயரூபினி பதறிப்போய்ச் சீற்றுக்குப் பின்னால் இருந்த பைக்குள் கையை விட்டாள். உள்ளே மடித்து மடித்துச் சொப்பிங் பைகள், ஒரு தேசிக்காய், ஈரத்துவாய். யார் வைத்தது என்று யாரும் கேட்கவில்லை. ஓட்டோவில் இருந்த காலத்திலும் அனோஜாவுக்குத்தான் பிரட்டுவது. கிறகோரி ஓரமாக நிறுத்தினான். பிள்ளை வாந்தி எடுத்து முடித்து, துவாயால் வாயைத் துடைத்துவிட்டுக் கேட்டாள்:

"பெரியம்மாக்கும் இப்பிடித்தானோ அப்பா வாறது? பாவம் என்ன?"

"ஓம் அம்மா," என்றான் கிறகோரி. சுமன் கண்ணாடிக்குள்ளால் தகப்பனைப் பார்த்தான். பதினாறு வயதுப் பிள்ளை. அவனும் அன்றைக்கு நெளுக்குளத்தில் நின்றவன்தான். கிறகோரி கண்ணாடியைத் திருப்பி வைத்தான், வெயில் கூசுகிறதுபோல.

ஐப்பசியில் வாடை திரும்பியது. கடல் கறுத்தது. மழை பிடித்தால் விடாது, படகுகளைக் கரையில் இழுத்துக் கவிழ்த்துவிட்டு மனிசர் வீட்டுக்குள் கிடப்பார்கள். குளிர் தொடங்கினால் வீரம்மாவுக்குத் தோள் குத்தும். தேய்த்துக்கொண்டே இருப்பாள். அந்த மாதக் கிளினிக் நாளன்று விடியப்புறமே குடையும் பையுமாக வெளிக்கிட்டு விறாந்தையில் நின்றாள். கிறகோரி தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தான்.

"அக்கா. காரில போவம்."

"வேணாம் தம்பி. பஸ்ஸு வந்துரும்."

"ஒட்டுசுட்டான் பக்கம் பாலத்துக்கு மேல தண்ணி பாயுதாம். பஸ் வராது எண்டு சொல்லுறாங்கள். நான் நெடுங்கேணியால சுத்திக் கொண்டுபோறன். முன் சீற்றில இருங்கோ."

"அடுத்த மாசம் போய்க்கலாம்."

"போன கிழமை முழுக்க நித்திரை இல்லாமல் கிடந்தனீங்கள். எனக்குத் தெரியாதெண்டோ?"

வீரம்மா குடையை மடக்கிச் சுவரில் சாத்தினாள். குசினி வாசலில் நின்ற ஜெயரூபினியை ஒருதரம் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"நீ புரியாம பேசுற. எனக்கு வாந்தி வரும்னு ஊருக்கே தெரியும். இன்னைக்கு நான் ஏறிச் சும்மா குந்திட்டுப் போனா, அப்ப அந்தக் கதை எங்கேருந்து வந்திச்சுன்னு கேப்பாங்கல்ல?"

"கேக்கட்டும். நான் சொல்லுறன். நான்தான் பொய் சொன்னனான் எண்டு செபமாலையரின்ர வாசல்ல நிண்டு சொல்லுறன்."

"சொல்லி?" என்றாள் வீரம்மா. முதல்தடவையாக அவளுடைய குரலில் ஒரு சூடு. "சொன்னா என்ன சொல்லுவாங்க? 'ஐயோ வீரம்மா, உன்னைய அப்பிடியா நெனச்சாங்க'ன்னு என்கிட்டத்தான் வந்து உக்காருவாங்க. பதினாறு வருசமா நான் இந்த வீட்டு ஆளுன்னு ஊரு நெனச்சிட்டு இருக்கு. நீ போயி, இல்லைன்னு சொல்லிட்டு வரப் போறியா?"

தன்னுடைய மானத்தைத்தான் அவள் காக்கிறாள் என்று கிறகோரி இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தான். மடையன். அதிலும் தன்னைப் பற்றித்தான் நினைப்பு.

"அக்கா..." என்றான்.

ஜெயரூபினி குசினிக்குள் இருந்து வந்தாள். கண் சிவந்திருந்தது. வீரம்மாவின் கையில் இருந்த பையை வாங்கி, காரின் முன் கதவைத் திறந்து உள்ளே வைத்தாள். கதவைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டு மழையில் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். அவள் நனைவதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் வீரம்மா வந்து ஏறினாள்.

நம்முடைய நாட்டில் றைவர் வலது பக்கம். முன் சீற்றில் இருக்கிறவருக்குப் பெல்ற் இடது தோளால் வரும். கிறகோரி குனிந்து பூட்டிவிட்டான். பெல்ற் சரியாக அந்தக் கோணல் எலும்பின் மேல் போய் இறுகியது. வீரம்மா முந்தானையைச் சுருட்டி, பெல்ற்றுக்கும் எலும்புக்கும் இடையில் வைத்து, அதற்குள் கையைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"நோகுதோ அக்கா?"

"இல்ல இல்ல. நீ எடு."

எடுத்தான். துடைப்பான் மழையை வழித்து வழித்துப் போட்டது. வீரம்மா காரின் உள்பக்கத்தைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், எயார்பேக் மூடியைத் தொட்டுப் பார்த்தாள். "இதுக்குள்ளதான் பை இருக்கா?" என்று கேட்டாள். ஓம் என்றான். "நல்லது," என்றாள். "புள்ளைங்க ஒக்காரும்போது இருக்கும்ல, அது போதும்."

சந்தி வந்தது. தேத்தண்ணீர்க் கடைத் தாழ்வாரத்தில் பஸ்சுக்கு நின்ற சனம் மழைக்கு ஒதுங்கியிருந்தது. நடுவில் செபமாலை அண்ணர், தலையில் ஒரு சொப்பிங் பையைக் கவிழ்த்துக்கொண்டு. காரைக் கண்டதும் கையை உயர்த்தினார். முன் சீற்றில் வீரம்மாவைக் கண்டதும் அவருடைய முகம் மலர்ந்தது. "ஆ! ஏத்திப்போட்டான்! பிரட்டுதோ வீரம்மா?" என்று மழைக்குள்ளால் கத்தினார். கடையில் நின்ற அத்தனை தலையும் திரும்பியது. திருப்பத்தில் ஒரு லொறி. கிறகோரி வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது.

பக்கத்தில் காகிதம் சரசரப்பதுபோல ஒரு சத்தம். வீரம்மா தன் பைக்குள்ளிருந்து ஒரு சொப்பிங் பையை உதறி விரித்தாள். பெல்ற்றை ஒரு கையால் விலக்கிப் பிடித்துக்கொண்டு, முன்னால் குனிந்து, பையை வாயோடு வைத்தாள். தோள் இரண்டும் குலுங்க ஓங்காளித்தாள். ஒன்றும் வரவில்லை. வருவதற்கு ஒன்றும் இல்லை. கோணல் எலும்பு தோலுக்குள் ஏறி இறங்கியது.

"அக்கா, வேண்டாம். அக்கா, விடுங்கோ..."

"ஐயோ பாவம், தேசிக்காயைக் குடு, தேசிக்காயைக் குடு!" என்று செபமாலை அண்ணர் ஓடி வரப் பார்த்தார். லொறி விலகியது. கிறகோரி அக்சிலேற்றரில் காலை அழுத்தினான்.

சந்தி மறையும்வரைக்கும் வீரம்மா குனிந்தபடியே இருந்தாள். மறைந்த பிறகு நிமிர்ந்து, முந்தானையால் வாயைத் துடைத்தாள். கிறகோரிக்கு றோட்டுத் தெரியவில்லை. துடைப்பான் வேகத்தைக் கூட்டினான், அதற்குப் பிறகும் தெரியவில்லை. நாற்பத்தைந்து வயது மனிசன், சுக்கானைப் பிடித்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதான்.

"ரோட்டப் பாத்து ஓட்டு தம்பி," என்றாள் வீரம்மா.

அவள் அந்த வெறும் பையை மடியில் போட்டு நீவினாள். இரண்டாய் மடித்து, நாலாய் மடித்து, மறுபடியும் தன் பைக்குள் பத்திரமாக வைத்தாள்.

"திரும்பி வரும்போதும் வேணும்," என்றாள். "செபமாலை அண்ணன் அங்கனதான் நிப்பாரு."